அயர்லாந்தின் கிராமங்கள், பழைய ஊர்கள்: கிளம்பும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டப்ளினில் ஓரிரு நாள் சுற்றிவிட்டு, மீதி நாட்களை நாட்டுப்புறத்தில் கழிக்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. தீவின் உட்பகுதியில் உள்ள கில்கென்னி, டிப்பரரி பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே எழுதியிருக்கிறேன். மேற்குக் கடற்கரையைப் புகழ ஆளுக்குப் பஞ்சமில்லை.

ஒரு வாரத்தில் தீவு முழுவதையும் சுற்றிவிட முடியுமா?

சுற்றலாம். ஆனால் பார்த்தது சாலையும் பெட்ரோல் பங்கும்தான் என்று ஆகிவிடும். வரைபடத்தில் சின்னத் தீவாகத் தெரிந்தாலும், மேற்குக் கரையை ஒட்டிப் போகும் ‘வைல்டு அட்லாண்டிக் வே’ தடம் மட்டுமே சுமார் 2,500 கி.மீ. பெரிய நெடுஞ்சாலைகள் பெரும்பாலும் டப்ளினிலிருந்துதான் பிரிந்து போகின்றன. அவற்றை விட்டு இறங்கிவிட்டால், மேப் ஒரு மணி நேரம் என்று சொல்வதை ஒன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் இருந்தால் இரண்டே ஊர்களில் தங்குங்கள். உள்நாட்டில் ஒன்று (கில்கென்னி நல்லது), மேற்கில் ஒன்று (கால்வே அல்லது டிங்கிள்). தினமும் பெட்டி கட்டாமல் இருப்பதே பெரிய நிம்மதி.

அயர்லாந்து விசா இருந்தால் வட அயர்லாந்துக்கும் போகலாமா?

தீவில் இரண்டு ஆட்சிகள். தெற்கே அயர்லாந்துக் குடியரசு, யூரோ. வடக்கே ஆறு மாவட்டங்கள் பிரிட்டனைச் சேர்ந்தவை, பவுண்டு. எல்லையில் சோதனைச் சாவடி கிடையாது. சாலையோர மஞ்சள் கோடு வெள்ளையாக மாறுவதையும், வேகப் பலகையில் கிலோமீட்டர் போய் மைல் வருவதையும் வைத்துத்தான் கடந்துவிட்டது தெரியும். சாவடி இல்லை என்பதற்காக விசா வேண்டாம் என்று ஆகாது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குப் பிரிட்டன்–அயர்லாந்து கூட்டு விசாத் திட்டம் ஒன்று உண்டு. அதற்கான குறிப்பு விசாவிலேயே இருந்தால் ஒரே விசாவில் இரண்டு பக்கமும் போய்வரலாம். விசா கொடுத்த நாட்டுக்குள் முதலில் நுழைய வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அயர்லாந்து ஷெங்கன் பகுதியில் இல்லை. பாரிஸுக்கு வாங்கிய ஷெங்கன் விசா இங்கே செல்லாது.

எந்த மாதம் நல்லது?

மே, ஜூன், செப்டம்பர். ஜூனில் இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும். சாப்பிட்டுவிட்டுக்கூட ஒரு கோட்டையைச் சுற்றி நடக்கலாம். டிசம்பரில் மாலை நாலேகாலுக்கெல்லாம் இருட்டிவிடும். மழை எல்லா மாதமும் உண்டு, மேற்கில் கூடுதல். கொட்டித் தீர்க்கும் மழையாக இருக்காது, சாரல் வரும், நிற்கும், மறுபடி வரும். காற்று பலமாக வீசுவதால் குடை அரை நாளில் எலும்புக்கூடாகிவிடும். தலைமூடி வைத்த மழைக்கோட்டும், தண்ணீர் இறங்காத ஷூவும் போதும். கோடையிலும் ஒரு ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும். வெயில் நாளில்கூட 20 டிகிரியைத் தாண்டினாலே ஊரே அதைப் பற்றித்தான் பேசும்.

கார் இல்லாமல் முடியுமா?

ஓரளவு முடியும். டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து கில்கென்னிக்கு ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம், கால்வேக்கு இரண்டரை மணி நேரம். இரண்டுமே நடந்து பார்க்கும் அளவு ஊர்கள். ஆனால் டிப்பரரியில் உள்ள காஷலுக்கு ரயில் இல்லை, பஸ்தான். வயல் நடுவே நிற்கும் மடாலயங்களுக்குப் பஸ்ஸும் இல்லை. கார் வேண்டாம் என்றால் ஒரு ஊரில் தங்கி, இரண்டு நாள் மட்டும் வழிகாட்டியோடு போகும் வேனில் இடம் பிடித்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் ஓட்டிப் பழகியவர்களுக்கு அங்கே ஓட்டுவது சுலபமா?

இடதுபக்க ஓட்டம், வலதுபக்க ஸ்டியரிங். அதனால் முதல் தயக்கம் இல்லை. சுற்றுலா வருபவர்கள் செல்லுபடியாகும் இந்திய உரிமத்தோடு ஓட்டலாம். வாடகைக்குக் கொடுக்கும் நிறுவனங்கள் சில, சர்வதேச அனுமதியையும் கேட்கும். ஆட்டோமேட்டிக் கார் வேண்டுமென்றால் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், விலையும் கூடுதல். டப்ளினைச் சுற்றியுள்ள எம்50 சாலையில் சுங்கச்சாவடியே இருக்காது. கேமரா நம்பரைப் படம் எடுத்துக்கொள்ளும். மறுநாள் இரவு 8 மணிக்குள் இணையத்திலோ கடையிலோ கட்ட வேண்டும்.

சிரமம் கிராமச் சாலையில்தான். சாலை எண்ணின் முதல் எழுத்தைப் பாருங்கள். எம் என்றால் விரைவுச்சாலை, என் என்றால் தேசியச் சாலை, ஆர் வட்டாரச் சாலை, எல் உள்ளூர்ச் சாலை. எல் சாலைகளில் பாதிக்கு நடுவில் கோடே கிடையாது. சிலவற்றில் சக்கரம் படாத நடுப்பகுதியில் புல் முளைத்திருக்கும். இருபுறமும் ஆளுயரச் செடிவேலி, அந்த இலைக்கு உள்ளே பெரும்பாலும் கல்சுவர். இலைதானே என்று ஓரம் ஒதுங்கினால் டயரின் பக்கவாட்டுக் கிழியும். அடிப்படைக் காப்பீட்டில் டயரும் கண்ணாடியும் சேராமல் இருப்பது வழக்கம், கையெழுத்துப் போடும் முன் கேட்டுவிடுங்கள். இந்தச் சாலைகளின் பொது வேக வரம்பு 2025 பிப்ரவரியில் 80-லிருந்து 60 கி.மீ. ஆகக் குறைக்கப்பட்டது. 60-இல் போவதற்கே பல இடங்களில் தைரியம் வேண்டும்.

எதிரே வண்டி வந்தால், ஒதுங்க இடம் யாருக்கு அருகில் இருக்கிறதோ அவர் ஒதுங்குவார், தேவைப்பட்டால் பின்னால் போவார். யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள். கடந்து போகும்போது ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஆள்காட்டி விரலை மட்டும் லேசாகத் தூக்குவார்கள். அதுதான் வணக்கம், நன்றி, எல்லாம். நீங்களும் ஒரு விரலைத் தூக்குங்கள். பின்னால் டிராக்டர் வந்தால் முதலில் கிடைக்கும் வாசலில் ஒதுங்கி வழிவிடுங்கள், அவருக்கு வேலை இருக்கிறது.

ஏன் கில்கென்னி? கால்வேதானே எல்லாரும் சொல்கிறார்கள்?

கால்வேயில் இசையும் கூட்டமும் கடலும் இருக்கின்றன, போங்கள். இடைக்கால ஊர் எப்படி இருந்திருக்கும் என்று காலால் நடந்து தெரிந்துகொள்ள எனக்குக் கில்கென்னிதான். ஊரின் ஒரு முனையில் செயின்ட் கேனிஸ் பேராலயம், மறுமுனையில் ஆற்றங்கரையில் கோட்டை. நடுவில் உள்ள பழைய தெருவை அரை மணி நேரத்தில் நடந்துவிடலாம். ஆனால் நடக்க மாட்டீர்கள், சந்து சந்தாக இழுக்கும். பட்டர் ஸ்லிப் என்ற சந்து 1616-இல் அமைந்தது, வெண்ணெய் விற்ற இடம். கமான் வளைவுக்குக் கீழே தேய்ந்த கல்படிகளில் இறங்கும்போது இரண்டு கையையும் விரித்தால் சுவரைத் தொட்டுவிடலாம் போல இருக்கும்.

கோட்டையைக் கூர்ந்து பார்த்தால் ஒரு பக்கமே இருக்காது. நாலு பக்கமும் அடைத்த கோட்டை, 1650-இல் இங்கிலாந்துப் படைத்தலைவர் கிராம்வெல்லின் முற்றுகைக்குப் பிறகு மூன்று பக்கத்தோடு நிற்கிறது. பட்லர் என்ற பிரபுக் குடும்பம் 1391-இல் இதை வாங்கி, கடைசியில் 1967-இல் ஊர் மக்களுக்கு 50 பவுண்டுக்குக் கொடுத்தது. பேராலயத்தின் பக்கத்தில் 30 மீட்டர் உயர வட்டக் கோபுரம். உச்சிவரை ஏறவிடும் வட்டக் கோபுரங்கள் நாட்டிலேயே மிகக் குறைவு. உள்ளே படிக்கட்டு கிடையாது, தளம் தளமாகச் செங்குத்தான மர ஏணிகள். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே நிற்கலாம், தப்பில்லை.

இந்த ஊருக்கு ஒரு இருண்ட கதையும் உண்டு. 1324-இல் ஆலிஸ் கைட்லர் என்ற பணக்காரப் பெண்மீது சூனிய வழக்குப் போட்டார் பிஷப். நாலு கணவர்கள், வட்டித் தொழில், சொத்துத் தகராறு, வேறென்ன வேண்டும்? ஆலிஸுக்குச் செல்வாக்கு இருந்தது, தப்பிப் போய்விட்டார். அவருடைய பணிப்பெண் பெட்ரோனில்லாவைச் சவுக்கால் அடித்து, அந்த ஆண்டு நவம்பர் 3 அன்று உயிரோடு எரித்தார்கள். ஆலிஸின் வீடு இருந்த இடத்தில் இன்று விடுதி நடக்கிறது, அவர் பெயரிலேயே.

காஷல் பாறையில் என்ன இருக்கிறது? பாதி நாள் ஒதுக்கலாமா?

முழு நாளே கொடுங்கள். கில்கென்னியிலிருந்து சுமார் 60 கி.மீ. டிப்பரரிச் சமவெளியில் சுண்ணாம்புக்கல் குன்று ஒன்று திடீரென்று எழும்பி நிற்கும். வடக்கே மலையில் ஒரு பள்ளம் தெரிகிறதே, அது சாத்தான் கடித்த இடம், கடித்துத் துப்பியதுதான் இந்தப் பாறை என்பார்கள். தீவின் தென்பகுதியான மன்ஸ்டரை ஆண்ட மன்னர்களின் இருக்கை இது. 1101-இல் மன்னர் இதைத் திருச்சபைக்குத் தானமாகக் கொடுத்தார். அதற்குப் பிறகு கட்டியவைதான் இன்று நிற்கின்றன. அயர்லாந்தில் கிறித்தவத்தைப் பரப்பிய புனித பேட்ரிக் இங்கே மன்னர் ஏங்கஸுக்கு ஞானஸ்நானம் செய்தபோது, கையில் இருந்த கோலின் கூர்முனை தவறுதலாக மன்னரின் பாதத்தில் இறங்கிவிட்டதாம். சடங்கில் இதுவும் ஒரு பகுதி போல என்று மன்னர் வாயைத் திறக்கவில்லையாம். கதைதான், ஆனாலும் வழிகாட்டிகள் சொல்லாமல் விட மாட்டார்கள்.

1127-இல் தொடங்கி 1134-இல் அர்ப்பணித்த கோர்மக் சிற்றாலயத்துக்குள் வழிகாட்டியோடுதான் போகலாம். போனவுடன் அதற்குச் சீட்டு வாங்குங்கள், நிரம்பிவிடும். உள்ளே கழுத்தை நிமிர்த்திப் பார்த்தால் 12-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியத்தின் சிவப்பும் நீலமும் திட்டுத் திட்டாகத் தெரியும். மணற்கல் நீரை உறிஞ்சுவதால் ஓவியம் அழியத் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் கட்டடத்தின் மேல் கொட்டகை போட்டு உலரவைத்தார்கள். பக்கத்தில் உள்ள பேராலயத்தில் 1647-இல் அடைக்கலம் புகுந்த ஊர் மக்களையும் வீரர்களையும் ஆங்கில நாடாளுமன்றத் தரப்பு இன்ச்சிக்வின் பிரபுவின் படை வெட்டிச் சாய்த்தது.

பார்த்து முடித்துக் கீழே இறங்கி, மேற்கே வயலில் நிற்கும் ஹோர் மடாலயத்துக்கு நடந்து போங்கள். கட்டணம் இல்லை, கூட்டமும் இல்லை, மாடுகள் மேயும். பாறை முழுவதும் ஒரே பார்வையில் தெரிவது அங்கிருந்துதான்.

வழியெல்லாம் கூரையில்லாத கட்டடங்கள். எல்லாம் போரில் அழிந்தவையா?

எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். ஒரு நாள் கார் பயணத்தில் இருபது முப்பது கூரையில்லாச் சுவர்களைப் பார்ப்பீர்கள். ஒவ்வொன்றின் கூரையும் ஒவ்வொரு காரணத்துக்காகப் போயிருக்கும்.

உயரமான கூர்வளைவு ஜன்னலும், நடுவே தூண் வரிசை சூழ்ந்த முற்றமும் இருந்தால் அது மடாலயம். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி 1530-களின் பிற்பகுதியிலிருந்து மடங்களைக் கலைத்துச் சொத்தைப் பிரித்துக் கொடுத்தார். கூரையில் இருந்த ஈயமும் மரமும் காசாகின. மற்றதை மழை பார்த்துக்கொண்டது. கில்கென்னிக்குத் தெற்கே ஜெர்பாயிண்ட் போய்ப் பாருங்கள். முற்றத்துத் தூண்களில் பிஷப், போர்வீரர், நீள அங்கி போட்ட பெண் என்று செதுக்கிய உருவங்கள் கை தொடும் உயரத்தில் நிற்கின்றன.

வயல் நடுவில் ஒல்லியாக நாலைந்து மாடி உயரத்தில், அம்புத் துளை மட்டும் வைத்து நின்றால் அது 15, 16-ஆம் நூற்றாண்டுக் கோபுர வீடு. கிராம்வெல் காலத்துச் சண்டைகளில் இவற்றில் பல பாழாயின. கேஹிர் கோட்டை தப்பித்தது. காஷலிலிருந்து 18 கி.மீ., ஆற்றுப் பாறைமேல் இருக்கிறது. 1599-இல் அதைப் பிடித்த ஆங்கிலேயர் எசெக்ஸ் பிரபுவின் பீரங்கிக் குண்டு ஒன்று இன்னும் சுவரில் பதிந்திருக்கிறது. அரை நூற்றாண்டு கழித்துக் கிராம்வெல் வந்தபோது சண்டையில்லாமல் கொடுத்துவிட்டார்கள், அதனால் கூரையோடு நிற்கிறது.

பெரிய சதுர ஜன்னல்களும் வரிசையாகப் புகைபோக்கியும் உள்ள மாளிகை என்றால் நிலப்பிரபுவின் வீடு. 1920 முதல் 1923 வரையிலான விடுதலைப் போரிலும் உள்நாட்டுப் போரிலும் பல எரிந்தன. தப்பியவற்றில் சிலவற்றின் கூரையைச் சொந்தக்காரர்களே பிறகு பிரித்தார்கள், கூரையிருந்தால் சொத்துவரி கட்ட வேண்டுமே!

காஷல் பேராலயத்தில் இதைவிட வேடிக்கை. 1647 படுகொலைக்குப் பிறகும் அதற்குக் கூரை இருந்தது. 1749-இல் பேராயர் ஆர்தர் பிரைஸ்தான் அதை அகற்ற வைத்தார். குன்றின்மேல் அவருடைய குதிரை வண்டி ஏறச் சிரமமாக இருந்ததால் வழிபாட்டைக் கீழே ஊருக்குள் மாற்றிக்கொண்டார் என்று ஊர்ப் பேச்சு. பக்கத்துக் கோர்மக் சிற்றாலயத்தின் கூரை கல்லால் ஆனது, அதைப் பிரித்து எடுக்க முடியவில்லை.

கடைசி வகையைத்தான் பலர் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள். இரண்டு முக்கோணச் சுவரும், நடுவே ஒரு வாசலும் மட்டும் மிஞ்சிய ஒற்றை அறை வீடுகள், மேற்கே அதிகம். 1845-இல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் பசியிலும் காய்ச்சலிலும் இறந்தார்கள், இன்னும் 10 லட்சத்துக்கு மேல் கப்பல் ஏறினார்கள். ஆண்டு மதிப்பு 4 பவுண்டுக்குக் குறைந்த நிலங்களுக்கான ஏழைகள் நிவாரண வரியை நிலப்பிரபுதான் கட்ட வேண்டும் என்று சட்டம் இருந்தது. குடியானவர்களை வெளியேற்றினால் வரி மிச்சம். வெளியேற்றப்பட்டவர்கள் இரவில் திரும்பி வந்து படுக்காமல் இருக்க, கூரையை இழுத்துத் தள்ளினார்கள். 1841 கணக்கெடுப்பில் தீவின் மக்கள்தொகை 81 லட்சத்துக்கு மேல். வடக்கும் தெற்கும் சேர்த்து இன்னும் அந்த எண்ணிக்கையை எட்டவில்லை. ‘எவ்வளவு அமைதியாக, ஆளே இல்லாமல் அழகாக இருக்கிறது’ என்று நாம் படம் எடுக்கும் மலைச்சரிவில், மாலை வெயில் சாய்வாக விழும்போது இணை இணையாகப் பாத்திக் கோடுகள் தெரியும். அவை அந்த உருளைக்கிழங்கு விளைந்த பாத்திகள். மேற்குக் கரையை ஒட்டிய ஆக்கில் தீவில் ஸ்லீவ்மோர் மலையடிவாரத்தில் ஒரு கிராமமே இப்படிச் சுவர்களாக நிற்கிறது.

கூரையைத் திரும்பப் போட்ட இடமும் ஒன்று உண்டு. காஷலுக்கு வடக்கே ஹோலிகிராஸ் மடாலயம் 1970-களில் மறுபடி கூரை வேயப்பட்டு, இன்று வழிபாடு நடக்கிறது. ஹோர் மடாலயம் பார்த்த அன்றே இதையும் பாருங்கள்.

வயலுக்குள் இறங்கி நடக்கலாமா?

பிரிட்டனின் சில பகுதிகளைப் போல எங்கும் நடக்கும் உரிமை அயர்லாந்தில் இல்லை. வயல் தனியார் சொத்து. குறியிட்ட நடைபாதைகளில் போகலாம். பல நினைவுச் சின்னங்களுக்கும் பாதை விட்டிருப்பார்கள். வழியில் உள்ள படலை எப்படி இருந்ததோ அப்படியே விடுங்கள், திறந்திருந்தால் திறந்தே. ஆடுகளின் முதுகில் நீலமும் சிவப்புமாகப் பூசியிருப்பது யாருடைய ஆடு என்பதற்கான அடையாளம். வயல் நடுவே தனியாக நிற்கும் முள்மரத்தைத் தொடாதீர்கள். தேவதைகள் வாழும் மரம் என்று வெட்ட மாட்டார்கள். கிளேர் மாவட்டத்தில் அப்படி ஒரு மரத்துக்காக நெடுஞ்சாலைத் திட்டத்தையே சரிசெய்திருக்கிறார்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் என்ன செய்வது?

பட்டினி கிடக்க மாட்டீர்கள், ஆனால் அலுத்துப்போகும். காய்கறி சூப்பும் சோடா ரொட்டியும் எல்லாப் பப்பிலும் கிடைக்கும். அந்தப் பழுப்பு ரொட்டியும் வெண்ணெயும் நிஜமாகவே அருமை. காலை உணவுத் தட்டில் உள்ள கறுப்பு புட்டிங் என்ற தொத்திறைச்சியில் பன்றி ரத்தம் உண்டு, வெள்ளையில் ரத்தம் இல்லாவிட்டாலும் பன்றி இறைச்சி. சிப்ஸ் எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முக்கியம், கிராமத்துப் பப்பில் சமையலறை இரவு ஒன்பதுக்கு முன்பே மூடிவிடும். வெளிச்சம் இருக்கிறதே என்று சுற்றிவிட்டு வந்தால் பொட்டலம் சிப்ஸ்தான். டீயைப் பற்றிக் கவலையே வேண்டாம், திடமாகப் போட்டுப் பால் ஊற்றித்தான் தருவார்கள்.

குடிக்காதவர்கள், குழந்தையோடு வருபவர்கள் பப்புக்குப் போகலாமா?

தாராளமாக. டீயோ எலுமிச்சைச் சோடாவோ வாங்கிக்கொண்டு மூலையில் உட்காரலாம், யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள். பெற்றோருடன் பிள்ளைகள் இரவு 9 மணிவரை இருக்கலாம், மே முதல் செப்டம்பர் வரை 10 மணி. சுற்றி உட்கார்ந்து பிடிலும் புல்லாங்குழலும் பொரான் என்ற தோல் கருவியும் வாசிப்பவர்கள் மேடைக் கலைஞர்கள் இல்லை, தங்களுக்காக வாசிக்கும் உள்ளூர்க்காரர்கள். காலியாக இருக்கிறதே என்று அந்த வட்டத்து நாற்காலியில் உட்கார்ந்துவிடாதீர்கள், யாரோ வரப்போகிறார்.

மேற்குக் கரையில் உள்ள மோஹர் செங்குத்துப் பாறைகளைப் பார்க்காமல் வந்தால் நஷ்டமா?

இல்லை. கடலிலிருந்து 214 மீட்டர் உயரம், பிரமிப்புதான். ஆனால் மதியத்தில் பஸ் பஸ்ஸாகக் கூட்டம், மூடுபனி இறங்கினால் எதுவும் தெரியாது. போவதானால் காலையிலோ மாலையிலோ போங்கள்.

நியூகிரேஞ்ச் என்ற பழைய கல்லறை மேட்டுக்கு நேராகக் காரில் போய் இறங்கலாமா?

முடியாது. புரூ நா போயின் பார்வையாளர் மையத்திலிருந்து அவர்கள் பஸ்ஸில்தான் அழைத்துப் போவார்கள். கோடையில் சீட்டு சீக்கிரம் தீரும். கி.மு. 3200 வாக்கில் எழுந்த கல்லறை மேடு, எகிப்தின் பெரிய பிரமிடுகளுக்கும் முந்தியது. டிசம்பர் 21-ஐ ஒட்டிய விடியலில் மட்டும், வாசலுக்கு மேலுள்ள சிறிய திறப்பு வழியே வெயில் 19 மீட்டர் பாதையைக் கடந்து உள்ளறையைத் தொடும். அந்த நாட்களுக்குக் குலுக்கல் முறை. மற்ற நாட்களில் விளக்கை அணைத்து அதே ஒளியைச் செயற்கையாகக் காட்டுவார்கள்.

நம்மோடு தொடர்புள்ள இடம் ஏதாவது உண்டா?

உண்டு. 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் தென்மேற்குக் கரைக்கு அப்பால் வானில் வெடித்துச் சிதறியது. 329 பேர் இறந்தார்கள், பலர் இந்திய வம்சாவளிக் கனடியர்கள். கார்க் மாவட்டத்தில் அஹகிஸ்டா என்ற சிற்றூரில் கடலைப் பார்த்தபடி ஒரு நினைவுத் தோட்டம், சூரியக் கடிகாரம், பெயர்கள் பொறித்த கல். ஊர்க்காரர்களும் உறவினர்களும் ஆண்டுதோறும் அங்கே கூடுகிறார்கள்.

வடக்கே டைரோன் மாவட்டத்து டங்கானன், பாரதி குருவாகப் போற்றிய சகோதரி நிவேதிதா 1867-இல் பிறந்த ஊர். ஓ’நீல் குலத்தலைவர்கள் ஆண்ட குன்று ஒன்றும் அங்கே இருக்கிறது. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல்லும் ஆன்ட்ரிம் மாவட்டத்தில் கிளேடி என்ற இடத்தில் 1814-இல் பிறந்தவர்தான். திருநெல்வேலிக்காரர்கள் பெல்ஃபாஸ்ட் போனால் அந்தப் பக்கம் ஒரு எட்டு போய்வரலாம்.

பிளக், பணம், நுழைவுச் சீட்டு?

இந்தியப் பிளக் பொருந்தாது, தட்டையான மூன்று முனைப் பிளக்குக்கு அடாப்டர் வேண்டும். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வருபவர்களுக்கு அதே பிளக். கார்டு எங்கும் செல்லும், கிராமத்து வாகன நிறுத்தங்களுக்குக் கொஞ்சம் சில்லறை இருக்கட்டும். காஷல், கேஹிர், ஜெர்பாயிண்ட், கில்கென்னிக் கோட்டை எல்லாம் அரசுப் பராமரிப்பில் இருப்பவை. நாலைந்து இடம் பார்ப்பதாக இருந்தால் இவற்றுக்கெல்லாம் பொதுவான நுழைவு அட்டையான ஹெரிடேஜ் கார்டு (சுமார் 40 யூரோ) லாபம். குளிர்காலத்தில் சிறிய இடங்கள் மூடியிருக்கும். கோடையிலும், பலகையில் போட்டிருக்கும் மூடும் நேரத்தை நம்பிப் போகாதீர்கள், கடைசி நுழைவு அதற்கு முன்பே முடிந்துவிடும்.